ஐந்தருவியில் இறங்கிப் போன உலகக் காற்று

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்து ஊர் இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்துவிடும். உண்மையைப் பாதி சொல்லி மாட்டிக்கொண்டவர்களை மட்டும் விடவே விடாது. நான் இரண்டாவது ரகம். சம்பவம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் தென்காசியில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, வாயால் "ஸ்ஸ்ஸ்" என்று காற்றுப் போகிற சத்தம் எழுப்ப ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருக்கிறார். ஆளாளுக்கு ஒரு கண்ணு மூக்கு வைத்துச் சொல்வதைக் கேட்டு அலுத்துவிட்டது. நானே ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு வேலை கிடைத்த திமிர் வேறு. ஐந்தருவிக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு பழைய பங்களாவில் எங்கள் நிலையம் இருந்தது. மாடியில் உயரமான கம்பம், அதன் உச்சியில் ஒரு குழாய். குழாய் வழியாக வரும் காற்றில் கரியமில வாயு எவ்வளவு, மீத்தேன் எவ்வளவு என்று ராப்பகலாகக் கணக்கெடுக்கும் கருவி ஒன்று கீழே குளிர் அறையில் இருந்தது. (எங்களுக்கு மின்விசிறி. கருவிக்கு ஏ.சி.) என் பதவியின் பெயர் திட்ட உதவியாளர், ஒரு வருஷத்துக்குத் தற்காலிகம். அம்மா தெருவில் எல்லோரிடமும், "எம் மவ மலையில காத்தப் பாத்துக்கிடுதா" என்று சொல்லி வைத்திருந்தாள். காற்றைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற வேலை என்றுதான் தெருவில் பாதிப் பேர் நினைத்திருப்பார்கள்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் முட்டாள்தனத்தின் முழு அளவு விளங்கும். காற்றுக்கு பாஸ்போர்ட் கிடையாது. ஒரு நாட்டில் விட்ட புகை இன்னொரு நாட்டின் தலைக்கு மேலே போய் நிற்கும். அதனால் பல நாடுகள் சேர்ந்து, ஆளுக்கொரு மலையிலும் தீவிலும் நிலையம் போட்டு, காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அளந்து, எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் சேர்க்கின்றன. சேர்ப்பதென்றால் எல்லோருடைய தராசும் ஒரே மாதிரி நிறுக்க வேண்டும். பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு கடைத் தராசில் ஒரு கிலோ காட்டும் தக்காளி அடுத்த கடையில் ஒன்றேகால் காட்டினால் சந்தை என்ன ஆகும்? அதே கதைதான்.

எல்லோருக்கும் பொதுவான படிக்கல்லாக ஒரு சிலிண்டர் இருக்கிறது. அதற்குள் காற்று. அதில் எந்த வாயு எவ்வளவு என்பது ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்குத்தான் தெரியும். சிலிண்டர் நாடு நாடாகப் போகும். ஒவ்வொரு நிலையமும் தன் கருவியில் கொஞ்சம் விட்டு, குறைந்தது நாலு தடவை அளந்து, கிடைத்த எண்ணை ரகசியமாக அவருக்கு எழுதி அனுப்பிவிட்டு, சிலிண்டரை அடுத்த நாட்டுக்குத் தள்ளிவிட வேண்டும். எண் ஒத்துப்போனால் உங்கள் நிலையம் உலகப் பட்டியலில் சேரும். ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் எழுதி வைத்த கணக்கையெல்லாம் சுண்டல் மடிக்கக் கொடுத்துவிடலாம்.

எங்கள் தலைவி வசந்தா மேடம் இந்தச் சுற்றில் எங்கள் நிலையத்துக்கு ஓர் இடம் வாங்க மூன்று வருஷம் போராடியிருந்தார். கடிதம் மேல் கடிதம், தில்லிக்கு நடை, படிவத்துக்குப் படிவம். கடைசியில் ஜப்பான், கொரியாவுக்கு அப்புறம் நாங்கள், எங்களுக்கு அப்புறம் தென்னாப்பிரிக்கா, அப்புறம் பின்லாந்து என்று வரிசை வந்தது. அந்தக் காகிதத்தை மேடம் பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் சிலிண்டர் தென்காசி பார்சல் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் ஜீப் வழக்கம்போல ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. மேடம் போனில் என்னிடம் மூன்று விஷயம் சொன்னார். வெயில் படக்கூடாது. உருளக்கூடாது. "அப்புறம் கோமதி, அது மேல வந்து சேர்ற வரைக்கும் உன் கண்ணை விட்டு நகரக்கூடாது." நான் ராணுவத்தில் சேர்ந்தவள் மாதிரி, "யெஸ் மேடம்" என்றேன்.

வண்டிக்கு அம்மா ஆள் பிடித்துக் கொடுத்தாள். சுடலைமுத்து அண்ணாச்சி, கடையத்துக்காரர். ஊரில் கொஞ்சம் வயல்; மிச்ச நேரத்துக்கு ஒரு குட்டி லோடு வண்டி. விடியும் முன்னால் பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றி, குற்றாலத்து ஓட்டல்களில் இறக்கிவிட்டுத் தென்காசி வழியாகத் திரும்புவார். வண்டி ஓட்ட வருவதற்கு முன்னால் பத்து வருஷம் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தவர். (இந்தத் தகவலை நான் அன்றைக்குக் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.)

பார்சல் ஆபீஸ் வாசலில் பெட்டியைத் திறந்து பார்த்தோம். இடுப்பளவு உயரத்தில் பளபளவென்று அலுமினிய சிலிண்டர். பக்கத்தில் பஞ்சில் பொதிந்த ரெகுலேட்டர், ஸ்பேனர், நீளமான குழாய். அண்ணாச்சி அதை வண்டியில் நிறுத்திக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன தாயி, ஆக்சிஜனா? ஆசுபத்திரிக்கா?"

"இல்ல அண்ணாச்சி. வெறும் காத்து."

"காத்தா?"

"நாம மூச்சு விடுதோம்லா, அதே காத்துதான்."

"வெசம் கிசம் ஏதும் கலந்திருக்கா?"

"துளி கெடையாது. அமெரிக்காவுல பனிமலை உச்சியில வச்சு அடைச்சது. ஒலகத்துலயே சுத்தமான காத்து."

"அத எதுக்கு இங்கன கொண்டாந்திருக்காவ?"

படிக்கல், தராசு என்று பொறுமையாக விளக்கியிருக்க வேண்டிய இடம் இது. எனக்கு அப்போது விளக்கம் முக்கியமில்லை. சிலிண்டர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து, கூடப் படித்த பெண்களின் வாட்ஸப் குழுவில் போட்டு அவர்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்ப வேண்டும். அதனால் சுருக்கமாகச் சொன்னேன்.

"நாடு நாடாச் சுத்தி வருது அண்ணாச்சி. ஜப்பான்ல எடுத்துக்கிட்டாங்க, கொரியாவுல எடுத்துக்கிட்டாங்க. அவங்கவங்களுக்கு வேண்டியத எடுத்துக்கிட்டு அனுப்பிருவாங்க. இப்ப நம்ம மொறை."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! மொறைத் தண்ணி மாதிரி. எங்க வாய்க்கால்லயும் இதே ஏற்பாடுதான். நம்ம மொறை வந்துட்டுன்னா மடை நம்மளுது. நம்ம வயலு நனைஞ்சதும் பக்கத்து வயக்காரனுக்கும் ரெண்டு பாத்தி விடுவோம்."

"அதே, அதே" என்றேன், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். "அப்ப நாமதான் கடைசி மொறையா?" அந்த நேரம்தான் மூன்று தடவை கலங்கிப்போன படம் நாலாவது தடவை சரியாக விழுந்தது. மூக்குகூட எடுப்பாக வந்திருந்தது. அந்த சந்தோஷத்தில், "ஆமா அண்ணாச்சி" என்றேன். எந்தக் கேள்விக்கு ஆமா சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

சீசன் உச்சத்தில் இருந்தது. சாரல் பொழிந்துகொண்டிருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் வரை வண்டி மேல் வண்டி. குற்றாலம் தாண்டி ஐந்தருவிக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது பின்னால் "புஸ்" என்று ஒரு சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. குதித்து ஓடிப் பார்த்தேன். சிலிண்டர் பத்திரமாக நின்றது.

"பதறாதிய தாயி, டயருதான்" என்றார் அண்ணாச்சி. பின்சக்கரம் ஒன்று தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஸ்டெப்னியை இறக்கினார். அதை ஒரு குத்து குத்திப் பார்த்தார். தலையணை மாதிரி அமுங்கியது. "ஆடி பொறந்ததுலருந்து இதப் பாக்கவே இல்ல. ஓட்டை இல்ல, காத்துதான் எறங்கியிருக்கு." பஞ்சர் கடைக்குத் திரும்பக் குற்றாலத்துக்குத்தான் போக வேண்டும். அந்த நெரிசலில் டயரை உருட்டிக்கொண்டு போய் வர ஒரு மணி நேரமாவது ஆகும். மேடத்துக்குச் சொல்லலாம் என்றால் போனில் ஒரு கோடுகூட இல்லை.

"நீங்க ஏன் இங்கன நின்னு நனையுதிய? போயி ஒரு முழுக்கு போட்டுட்டு வாங்க. நான் அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணுதேன்" என்றார்.

கண்ணை விட்டு நகரக்கூடாது என்பது மேடத்தின் சட்டம். அருவியில் தண்ணீர் விழும்போது காயாத தலையோடுதான் வீடு திரும்ப வேண்டும் என்பது தென்காசிச் சட்டம். ஐந்தருவியின் இரைச்சல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பத்து நிமிஷம்தானே என்று போனேன். பெண்கள் பக்கம் வரிசை. போலீஸ்கார அக்கா விசில் ஊதி விரட்ட விரட்ட மூன்று தடவை தண்ணீருக்குள் புகுந்தேன். முதுகில் தண்ணீர் அடித்த அடியில் நிலையம், மேடம், உலகம் எல்லாம் மறந்துபோனது. வெளியே வந்தால் பசி. சுடச்சுட மிளகாய் பஜ்ஜி நாலு. பத்து நிமிஷம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது.

ஈரச் சுடிதாரும் கையில் ஐந்தாவது பஜ்ஜியுமாகத் திரும்பி வந்தேன். எங்கள் வண்டிக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. முதலில் புரியவில்லை. விபத்தோ என்று நினைத்தேன். ஒரு கேரளத்து வேன், இரண்டு ஸ்கூட்டர், ஒரு கார். வரிசையின் கடைசியில் ஓர் அம்மா, தொங்கிப்போன வாத்து வடிவ நீச்சல் வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசையின் தலைப்பில் சுடலைமுத்து அண்ணாச்சி. சிலிண்டரின் மூடி கழன்றிருந்தது. ரெகுலேட்டர் அச்சாக மாட்டியிருந்தது. குழாயின் மறுமுனை வேனின் சக்கரத்தில் இருந்தது. ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

"வாங்க தாயி! கவலையே படாதிய. நம்ம ஸ்டெப்னி எப்பமோ ரெடி. பாவம், எல்லாவனும் கடை தேடி அலையுதான். நம்ம மொறைதானன்னு ரெண்டு பாத்தி விட்டேன்."

கேரளத்து வேன் டிரைவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அடிபொளி காற்றாணு, சேச்சி!"

அமெரிக்கப் பனிமலையில் அடைத்து, ஜப்பானில் சொட்டுச் சொட்டாக அளந்து, கொரியாவில் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்த காற்று அது. ரெகுலேட்டர் மீட்டரைப் பார்த்தேன். ஆயிரத்து இருநூறில் இருக்க வேண்டிய முள் நானூறை ஒட்டிப் படுத்திருந்தது. என் கையிலிருந்த பஜ்ஜி எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. ஓடிப்போய் வால்வை மூடினேன். வாத்து அம்மா மட்டும், "ஏம்மா, வாத்துக்குப் பாதிதான் அடிச்சிருக்கு" என்று ஆட்சேபித்தார். (மூன்றாம் தடவையாக வந்து நின்றிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.)

"அண்ணாச்சி, நமக்கப்புறம் தென்னாப்பிரிக்கா இருக்கு. அதுக்கப்புறம் பின்லாந்து இருக்கு. அவங்கல்லாம் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

அண்ணாச்சியின் கையிலிருந்த குழாய் அப்படியே நின்றது. "பின்னால ஆளு இருக்கா?"

"ரெண்டு நாடு இருக்கு."

"நாமதான் கடைசியான்னு கேட்டேன்லா தாயி! ஆமான்னு சொன்னியளே!" மனுஷன் அப்படியே ரோட்டோர மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார். "கடைமடைக்காரன் தண்ணியத் தெறந்து விட்டுட்டேனே. எங்க அப்பா காலத்துலருந்து ஒருத்தன் எங்க குடும்பத்தப் பாத்து அப்படிச் சொன்னது கெடையாது." என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு யோசனை சொன்னார். "எவ்வளவு போச்சோ அவ்வளவையும் பஞ்சர் கடையில அடைச்சுருவோமா? குத்தாலத்துக் காத்து என்ன மட்டமா?"

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எம்.எஸ்ஸி. படித்த நான், முதல் வகுப்பில் தேறிய நான், மூன்று நிமிஷம் அதை யோசித்தேன். சாரல் காற்று சுத்தமாகத்தானே இருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்றெல்லாம் மனசு வாதாடியது. அப்புறம்தான் பஞ்சர் கடை கம்ப்ரசரின் அழுத்தம் நூறைத் தாண்டாது, நானூறில் இருக்கும் சிலிண்டருக்குள் அது நுழையவே நுழையாது என்று உறைத்தது. என்னைக் காப்பாற்றியது என் நேர்மை இல்லை. கம்ப்ரசரின் சோம்பல்தான்.

மலை ஏறும் வழியெல்லாம் பொய்களை ஒத்திகை பார்த்தேன். வால்வு கசிந்திருக்கலாம். கொரியாவிலேயே குறைந்திருக்கலாம். (கொரியா என்னை மன்னிக்கட்டும்.) மேடம் பங்களா வாசலிலேயே நின்றிருந்தார். ஈரத் தலையை ஒரு பார்வை பார்த்தார்.

"வழியில ஏதாவது பிரச்சினையா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல மேடம். வால்வுல லேசா ஒரு லீக் மாதிரி..."

"லீக்கு இல்லம்மா" என்றார் பின்னாலிருந்து அண்ணாச்சி. "நான்தான் டயருக்கு அடிச்சேன்."

மேடம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த டயருக்கு?"

"எல்லா டயருக்கும்."

மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மீட்டரைப் பார்த்தார். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "மூணு வருஷம், கோமதி" என்றார். அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தைக்குப் பதிலாக என்னை மாடிக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்திருக்கலாம்.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டார். முள் முன்னூறுக்குக் கீழே போனால் சிலிண்டரில் இருப்பதை நம்பி அளக்க முடியாது. மிச்சம் இருப்பது இரண்டு நிலையங்கள் நாலு நாலு தடவை அளக்கத்தான் காணும். நாங்கள் அளந்தால் பின்லாந்துக்கு இல்லை. நாங்கள் விட்டுக்கொடுத்தால் பட்டியலில் இடம் இல்லை. அடுத்த சுற்று எப்போது வரும், அதில் எங்களைச் சேர்ப்பார்களா என்று யாருக்கும் தெரியாது.

"நாம விலகிக்கலாம்" என்றார் மேடம். "மெயில் எழுது."

எழுதினேன். என் இங்கிலீஷ் அறிவை எல்லாம் கொட்டி, எதிர்பாராத சூழலில் நேர்ந்த தவிர்க்க இயலாத அழுத்தக் குறைவு என்று பொருள் வரும்படி ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். மேடம் கடைசி வரி வரை படித்தார்.

"இதுல டயர் எங்க?"

"டயர் வேண்டாமே மேடம். உலகம் பூரா படிப்பாங்க..."

"டயர்னு எழுது. அருவின்னும் எழுது."

எழுதினேன். நான் குளிக்கப் போனதையும் எழுதினேன். ஐந்து நாட்டு விஞ்ஞானிகளுக்கு ஒரே மெயிலில் அது போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் ஹெலன் என்பவரிடமிருந்து பதில் வந்தது. ஒரு திட்டும் இல்லை. மூன்று கேள்விகள்தான் இருந்தன. எத்தனை டயர்? என்ன அளவு? காற்றை வேகமாகத் திறந்தீர்களா, மெதுவாகத் திறந்தீர்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று மேடம் விளக்கினார். சடாரென்று திறந்தால் சிலிண்டர் ஜில்லென்று குளிர்ந்துபோகும். உள்ளே மிச்சம் இருக்கும் காற்றின் கலவையே மாறிவிடலாம். அப்படி மாறியிருந்தால் எங்களுக்கும் இல்லை, தென்னாப்பிரிக்காவுக்கும் இல்லை, பின்லாந்துக்கும் இல்லை. மொத்தச் சுற்றும் பாழ்.

சுடலைமுத்து அண்ணாச்சியை வரவழைத்தோம். குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, கோர்ட்டுக்கு வருகிறவர் மாதிரி வந்தார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நான் வருவதற்கு முன்னால் அடித்துக்கொண்டு போனவர்களையும் சேர்த்து அட்டவணை தயாரித்தேன். லோடு வண்டி ஸ்டெப்னி, ஒன்று. வேன் டயர், நாலு. கார் டயர், இரண்டு. ஸ்கூட்டர் டயர், மூன்று. நீச்சல் வளையம், வாத்து வடிவம், ஒன்று, இரு தவணைகளில்.

"எப்படித் தொறந்தீங்க? வேகமாவா?" என்று கேட்டார் மேடம்.

"வேகமாவா?" அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "பத்து வருசம் பட்டறையில இருந்தவம்மா நான். சிலிண்டர ஒரேயடியாத் தொறந்தா ரெகுலேட்டர்ல ஐஸு கட்டிக்கிடும்னு எங்க மேஸ்திரி மண்டையில கொட்டிச் சொல்லிக் குடுத்திருக்காரு. கால் திருகுதான் தொறந்தேன். ஒவ்வொரு டயருக்கும் நடுவுல மூடி வச்சு, சிலிண்டரத் தொட்டுப் பாத்து, குளுமை விட்டப்புறந்தான் அடுத்தது. அதான வரிச அவ்வளவு நீளமா நின்னுச்சு?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாத்துக்கு மட்டும் சித்த அவசரப்பட்டுட்டேன். அந்தம்மா உசுர வாங்கிட்டா" என்றார்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஒவ்வொரு டயருக்கும் இடையில் ஆபரேட்டர் சிலிண்டரின் வெப்பநிலையைக் கையால் சோதித்தார் என்று, வாத்து உட்பட. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஹெலன் எழுதினார். திறந்த விதம் சரி. மிச்சக் காற்றை நம்பலாம். உங்கள் ஆபரேட்டர் பயிற்சி பெற்றவர் என்று தெரிகிறது.

அன்றைக்கே தென்னாப்பிரிக்காவிலிருந்து இரண்டு வரி வந்தது. நாங்கள் நாலு தடவைக்குப் பதில் மூன்று தடவை அளந்துகொள்கிறோம். இந்தியா விலக வேண்டாம். மறுநாள் பின்லாந்து. நாங்களும் மூன்று. மிச்சம் இரண்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மேடம் அதைத் திரையில் இரண்டு தடவை படித்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்கு முன்னால் எந்தத் தேர்வு முடிவுக்கும் நான் அப்படி அழுததில்லை.

அண்ணாச்சிக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"கடைமடைக்காரன், தனக்குப் பத்தாதுன்னு தெரிஞ்சும் விட்டுக் குடுத்தானா?"

"ஆமா அண்ணாச்சி."

"எந்த வாய்க்கால்லயும் நான் கண்டதில்ல தாயி. அவுகளுக்கு நல்லா மழை பெய்யணும்" என்றார். பின்லாந்தின் மழை நிலவரம் தெரியாததால் அதை மட்டும் நான் மொழிபெயர்த்து அனுப்பவில்லை.

இரண்டே தடவை அளந்தோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தோம் என்பதை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளலாம்; அறைக்குள் மூச்சுவிட எனக்கு பயமாக இருந்தது. நாலு மாதம் கழித்து முடிவு வந்தது. எங்கள் எண் ஒத்துப்போயிருந்தது. நிலையம் பட்டியலில் ஏறியது. மேடம் என் வேலையை நீட்டிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடும்போது, "டியூட்டி நேரத்துல குளியல் கிடையாது" என்றார். அவர் அதற்கு மேல் அந்த விஷயத்தைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. அம்மாதான் விடவில்லை. "ஏட்டி, அந்த வாத்துக்கு எந்த ஊருக் காத்து?" என்று வருகிற விருந்தாளிகளுக்கு முன்னால் கேட்பாள். பதில் சொல்லும்வரை காப்பி வராது.

போன வருஷம் முதல்தடவையாக வெளிநாட்டில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். பெயர்ப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓர் ஓரமாக நின்றேன். ஊர்ப் பெயரைப் படித்ததும் ஒரு ஜப்பானியர் குனிந்து வணங்கினார். பிறகு மிக மரியாதையாக, வாத்து நலமா என்று விசாரித்தார். தேநீர் இடைவேளையில் ஹெலன் என்னைக் கையைப் பிடித்து ஒரு பெட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்த சுற்றுக்குக் கிளம்பத் தயாராக இருந்த சிலிண்டர் பெட்டி. மூடியில் எச்சரிக்கைப் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. வெயிலில் வைக்காதே, உருட்டாதே. அவற்றுக்குக் கீழே புதிதாக ஒன்று. சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் ஒரு டயர், டயரின் குறுக்கே சிவப்புக் கோடு. இனி எந்த நாட்டுக்கு எந்தப் பெட்டி போனாலும் இது ஒட்டித்தான் போகும் என்றார் ஹெலன்.

அங்கேயே நின்று போட்டோ எடுத்து சுடலைமுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். ஊர் திரும்பிய பிறகு, பாவூர்சத்திரம் சந்தை வாசலில் அவரைப் பார்த்தேன். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, போனைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் அந்தப் படத்தை எனக்கு முன்னால் இன்னொரு தடவை ஆராய்ந்தார்.

"தாயி, இதுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன அண்ணாச்சி?"

"இது நம்ம டயரே இல்ல. நம்மளுது மொட்டையில்லா? இவன் பட்டன் எல்லாம் வச்சுப் புத்தம் புது டயரா வரைஞ்சிருக்கான். அந்த ஹெலன் அம்மாவுக்கு எழுதிப் போடுங்க, திருத்திக்கிடட்டும்."